ரத்தமா, வளர்ப்பா? மனநோய் எங்கிருந்து வருகிறது

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியம்மா வழக்கம்போல ‘தே ஓ கோசோங்’ சொன்னார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. “எங்கப்பாவுக்கும் இனிப்பு நீர், எங்கம்மாவுக்கும் இனிப்பு நீர். நானும் நாக்கைக் கட்டல. வராம என்ன செய்யும்?” என்று சொல்லிக்கொண்டே என் தட்டிலிருந்த ஜிலேபியில் ஒரு வளையத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். பேரனைப் பற்றி. அவனுக்கு 20 வயது. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். மருத்துவரிடம் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: “இது ரத்தத்துல வந்ததா, இல்ல வளர்த்த விதமா? எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே.”

கவனித்தீர்களா? இனிப்பு நீருக்கு ஒரே மூச்சில் இரண்டு காரணம் சொன்னவர் அவர். பரம்பரையும் உண்டு, நாக்கும் உண்டு. அதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. மனசு என்று வந்ததும் இரண்டில் ஒன்றைச் சொல்லு என்கிறார். ஏனென்றால் இரண்டாவது கேள்விக்குள் ‘யார் குற்றம்’ என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ரத்தம் என்று சொன்னால் மருமகள் வீட்டு ரத்தம். வளர்ப்பு என்று சொன்னாலும் வளர்த்தது மருமகள்தான். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பெண் தப்ப முடியாது!

அன்று அவரிடம் நான் சொன்னது பாதி. சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், ‘மனநோய்’ என்பது ஒரு நோய் இல்லை. ‘காய்ச்சல்’ என்று சொல்வதுபோல் ஒரு கூடைப் பெயர். மனச்சோர்வு, மனப்பதற்றம், கை கழுவிக்கொண்டே இருக்க வைக்கும் ஓசிடி, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய், இல்லாத குரல் கேட்கும் மனச்சிதைவு எல்லாம் அந்தக் கூடைக்குள்தான். மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இவற்றில் மனச்சிதைவு நீங்கலாக ஒன்றோ, மது சார்ந்த பிரச்சினையோ வந்திருக்கிறது. மனச்சோர்வு மட்டும் 16 பேரில் ஒருவருக்கு. ஆகவே ‘மனநோய்க்குக் காரணம் என்ன’ என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகப் பதில் சொல்ல முடியாது. கூடையிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து கணக்கு மாறும்.

‘இரண்டும்தான் காரணம்’ என்ற பதில் தவறில்லை. ஆனால் அது சோம்பேறிப் பதில். இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று சொல்லாதவரை அதனால் யாருக்கும் பயனில்லை.

இரட்டையர் கணக்கு

ரத்தத்தின் பங்கை எப்படி அளப்பது? ஒரு வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்தால் அது மரபணுவாலும் இருக்கலாம், ஒரே கூரைக்கடியில் ஒரே சண்டையைக் கேட்டு வளர்ந்ததாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் இரட்டையரைத் தேடிப் போனார்கள்.

இரட்டையரில் இரண்டு வகை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஏறத்தாழ முழுவதும் ஒன்று. இரண்டு தனித்தனிக் கருவாக ஒரே நேரத்தில் வளர்ந்தவர்கள், மரபணுவைப் பொறுத்தவரை சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான். இரண்டு வகையும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கின்றன. அப்படியானால் முதல் வகையில் இருவருக்கும் சேர்ந்து நோய் வருவது அதிகமாக இருந்தால், அந்தக் கூடுதல் பெரும்பாலும் மரபணுவின் கைவேலை.

மனச்சிதைவை எடுத்துக்கொள்வோம். பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அது வரும். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வர மூன்றில் ஒன்று முதல் இரண்டில் ஒன்று வரை வாய்ப்பு என்கின்றன வெவ்வேறு ஆய்வுகள். இருகரு இரட்டையரில் அது வெகுவாகக் குறைகிறது.

1966இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லெனர்ட் ஹெஸ்டன் என்ற மருத்துவர் வேறொரு வழியில் போனார். மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு இடத்தில் வளர்ந்த 47 பேரை அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிக் கண்டுபிடித்தார். அவர்களில் 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. அதேபோல் தாயைப் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு அந்த நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அம்மாவின் முகத்தைக்கூடப் பார்த்து வளராத பிள்ளைக்கு அம்மாவின் நோய். ரத்தம் என்ற கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைப்பது கடினம்.

ஆனால் அதே சாட்சியைத் திருப்பிப் படியுங்கள். 47இல் 42 பேருக்கு வரவில்லை. மரபணு முழுவதும் ஒன்றாக இருக்கும் இரட்டையரிலேயே பாதிப் பேராவது தப்பித்துக்கொள்கிறார்கள். ரத்தம் மட்டும் முடிவு செய்வதாக இருந்தால் ஒருவர்கூடத் தப்பக் கூடாது.

இங்கே ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ‘மனச்சிதைவு 80 விழுக்காடு பரம்பரை’, ‘மனச்சோர்வு 37 விழுக்காடு பரம்பரை’ என்று கட்டுரைகளில் வரும். படிப்பவர் என்ன நினைக்கிறார்? என் மனச்சோர்வில் மூன்றில் ஒரு பங்கு தாத்தாவால், மீதி என் மேலதிகாரியால் என்று. அது அப்படி இல்லை.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே தாய்ச்செடியின் பக்கக் கன்றுகள். ஒன்று நடைபாதை முனையில், காலை வெயில் நேராகப் படும் இடத்தில் இருக்கிறது. என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னொன்று சமையலறை ஜன்னலுக்குக் கீழே. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூச்சி, முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இந்த இரண்டு செடிக்கும் இடையிலான உயர வித்தியாசத்தில் வித்தின் பங்கு எவ்வளவு? சுழியம். இரண்டும் ஒரே வித்து. இப்போது ஒரு பெரிய நாற்றுப்பண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். பல ஊர் விதைகள், ஆனால் ஒரே மண், ஒரே உரம், ஒரே வெளிச்சம். அங்கே ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் ஏறத்தாழ முழுவதும் வித்தின் பங்கு. அதே கறிவேப்பிலை, அதே உயரம், ஆனால் அளந்த இடம் மாறினால் எண் மாறுகிறது.

அந்த விழுக்காடு அளப்பது இதைத்தான்: ஒரு கூட்டத்து மக்களுக்குள் இருக்கும் வேறுபாட்டில் மரபணு வேறுபாட்டின் பங்கு. ஒரு தனி ஆளுக்குள் அதைப் பங்கு போட முடியாது. ‘இந்தச் செடியின் உயரத்தில் எத்தனை அங்குலம் வித்தால், எத்தனை அங்குலம் வெயிலால்’ என்று கேட்டால் சிரிப்பீர்கள் அல்லவா? அதே கேள்விதான் இதுவும்.

அந்துருண்டை

சிங்கப்பூரில் பிள்ளை பெற்றவர்களுக்கு ஜி6பிடி பரிசோதனை தெரிந்திருக்கும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் செய்வார்கள். 1965 முதல் இங்கே நடக்கிறது. குறைபாடு இருப்பதாக வந்தால் செவிலியர் முதலில் சொல்வது, “வீட்டில் அந்துருண்டை இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.” உடனே பாட்டியின் பட்டுப்புடவை அலமாரி காலியாகும்.

ஏன்? ஜி6பிடி என்ற நொதி சிவப்பணுக்களைக் காக்கும் ஒன்று. அது குறைவாக இருப்பது சுத்தமாக மரபணு விஷயம். தாய்வழி வரும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். ஆனால் அந்தக் குறைபாட்டோடு ஒருவர் எண்பது வயது வரை ஒரு குறையும் இல்லாமல் வாழலாம். அந்துருண்டையின் நெடி, சில மருந்துகள், சில மூலிகைகள், ஒரு வகை அவரை விதை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் சிவப்பணுக்கள் உடைந்து பிள்ளை மஞ்சளாகிவிடும். மரபணு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அந்துருண்டை மட்டும் இருந்தால், அலமாரியில் இருக்கும்வரை, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் சந்தித்தால்தான் ஆபத்து.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு நோய் வந்தது மரபணுவாலா, அந்துருண்டையாலா? இரண்டில் ஒன்றைச் சொல்லு என்று யாராவது கேட்டால் அவரைத்தான் நாம் விநோதமாகப் பார்ப்போம்.

மனநோயைப் பற்றி மருத்துவர்கள் வைத்திருக்கும் அடிப்படைப் படமும் இதுதான். உள்ளே ஒரு பலவீனம், வெளியே ஒரு அழுத்தம். பலவீனம் அதிகமாக இருப்பவருக்குச் சின்ன அழுத்தம் போதும். குறைவாக இருப்பவருக்குப் பெரிய இடியே விழ வேண்டும். சிலர் இடி விழுந்தும் நிற்பார்கள்.

ஆனால் உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஜி6பிடி ஒரு மரபணுவின் கதை. மனநோயில் ஒற்றை மரபணு கிடையாது. மனச்சிதைவோடு தொடர்புள்ளவை என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது மரபணுத் தொகுப்பின் 287 இடங்களை. ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கடுகளவு கூட்டும் அல்லது குறைக்கும். அவற்றில் பல உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். ‘மனநோய் மரபணு உள்ள குடும்பம்’, ‘இல்லாத குடும்பம்’ என்று ஊரை இரண்டாகப் பிரிக்க முடியாது. வரன் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டால் நல்லது.

ஒற்றை மரபணுவைப் பிடித்துவிட்டோம் என்ற குதூகலம் ஒரு முறை வந்து போனது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர்களை வைத்துச் செய்து 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் அடி விழுந்தால் மனச்சோர்வு அதிகம் வருகிறது என்றது. கேட்கவே அழகாக இருந்தது. நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதன் பின்னால் ஓடின. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது, அந்த மரபணு உட்பட அதுவரை பேர் வாங்கியிருந்த 18 மரபணுக்களுக்கும் குருட்டாம்போக்கில் பொறுக்கிய மரபணுக்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தது. மரபணுவும் வாழ்க்கையும் சேர்கின்றன என்ற பெரிய கருத்து இதனால் விழுந்துவிடவில்லை. விழுந்தது, அதை ஒரே ஒரு மரபணுவில் பார்த்துவிடலாம் என்ற ஆசை.

அடி எப்படி உடம்புக்குள் போகிறது

இப்போது எதிர்க்கட்சிப் பக்கம் போவோம். 1998இல் வெளிவந்த ஒரு ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது பற்றிக் கேட்டார்கள். அடித்தார்களா, பாலியல் தொல்லை இருந்ததா, வீட்டில் குடிகாரர் இருந்தாரா, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தாயா, இப்படி. ஒன்றும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நான்கு வகை அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. 

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குடிகார அப்பா பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு மோசமான வீட்டை மட்டும் இல்லை, பாதி மரபணுவையும்தான். அதாவது ரத்தமும் வளர்ப்பும் பெரும்பாலும் ஒரே ஆளின் கையிலிருந்து வருகின்றன. ஆய்வில் அவற்றைப் பிரிப்பது உளுந்தையும் அரிசியையும் ஊற வைப்பதற்கு முன்னால் பிரிப்பது போலில்லை. இட்லி மாவிலிருந்து பிரிப்பது போல. தத்தெடுப்பு ஆய்வுகளும் இரட்டையர் ஆய்வுகளும் தேவைப்பட்டது இதனால்தான். அவற்றிலும் சிறுவயதுக் கொடுமையின் பாதிப்பு முழுவதும் கரைந்துபோவதில்லை. குறைகிறது, ஆனால் நிற்கிறது.

அனுபவம் என்றால் நினைவில் இருப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நினைவே இல்லாத அனுபவமும் உண்டு. 1944 முதல் 1945 வரையிலான குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவில் உருவான குழந்தைகள் வளர்ந்த பிறகு, அவர்களிடையே மனச்சிதைவு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? போரும் பட்டினியும் வாழ்க்கை அனுபவம். கருவில் மூளை உருவாகும்போது நடந்த மாற்றம் உயிரியல். பட்டினி கிடந்தது அம்மா. நோய் வந்தது பிள்ளைக்கு. பெட்டி போடுவதுதான் தப்பு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இதைப் படித்தபோதுதான்.

புலம்பெயர்தலும் அப்படி ஒன்று. 1932இல் நார்வேக்காரர் ஒருவர், எர்னுல்ஃப் ஓடிகார்ட், அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வே மக்களிடம் மனச்சிதைவு ஊரிலேயே இருந்தவர்களைவிட அதிகம் என்று கண்டார். அவர் சொன்ன விளக்கம்: ஏற்கெனவே மனம் நிலைகொள்ளாதவர்கள்தான் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். அதாவது ரத்தம். பிற்பாடு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள், குடியேறியவர்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கூடுதல் இருப்பதைக் காட்டின. பிள்ளைகள் எந்த ஊரையும் விட்டுக் கிளம்பவில்லையே! ஒதுக்கப்படுவது, அந்நியராகவே பார்க்கப்படுவது போன்றவற்றுக்கும் பங்கு உண்டு என்று இப்போது பலர் எண்ணுகிறார்கள். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கப்பலில் வந்து இறங்கிய நமக்கு இந்தக் கதை அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

வெளியில் நடக்கும் ஒன்று எப்படி உள்ளே போகிறது? பயம் வந்தால் உடம்பு கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடும்போது அது நல்லது. பத்து வருடம் ஓயாமல் சுரந்தால் தூக்கம் கெடுகிறது, நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி பாதிக்கப்படுகிறது. எலிகளில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். தாய் எலி அதிகம் நக்கிக் கொடுத்து வளர்த்த குட்டி, வளர்ந்ததும் பதறாமல் இருக்கிறது. குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தால் வளர்த்த தாயைப்போல ஆகிறது, பெற்ற தாயைப்போல இல்லை. அந்தக் குட்டிகளின் மூளையில் ஒரு மரபணுவின் மேல் ஒட்டும் ரசாயனக் குறிகளே மாறியிருந்தன. மரபணு எழுத்து அதேதான், அதை வாசிக்கும் விதம் மாறிவிட்டது. மனிதர்களில் இதை அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. ஆனாலும் ‘அனுபவம் என்பது காற்றில் இருக்கிறது, உயிரியல் என்பது உடம்பில் இருக்கிறது’ என்ற கோடு அழிந்துவிடுகிறது.

எதிர்த்திசையிலிருந்தும் அந்தக் கோடு அழிகிறது. 1992இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஓசிடி உள்ள சிலரின் மூளையைப் படம் எடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஃப்ளூவாக்ஸ்டின் மாத்திரை. இன்னொரு பிரிவினருக்கு மாத்திரையே இல்லாமல் பயிற்சி சிகிச்சை. அழுக்கான ஒன்றைத் தொட வேண்டும், கை கழுவாமல் பொறுக்க வேண்டும், அந்த வகை. பத்து வாரம் கழித்து மறுபடி படம் எடுத்தபோது, குணமடைந்தவர்களிடம் மூளையின் அதே பகுதியில் அதே மாதிரி மாற்றம். மாத்திரைக்காரருக்கும் சரி, பேச்சுக்காரருக்கும் சரி. சிறிய ஆய்வுதான். ஆனால் ‘மருந்து மூளைக்கு, பேச்சு மனசுக்கு’ என்று நாம் பிரித்து வைத்திருப்பது எவ்வளவு கச்சா என்று காட்டிவிட்டது.

மருந்து என்றதும் ஒன்று. ‘மூளையில ரசாயனம் குறைஞ்சு போச்சு, அதான் டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு’ என்று பலர் ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆறுதல் நல்லதுதான், ஆனால் தர்க்கம் சரியில்லை. கோடாலித் தைலம் தடவினால் தலைவலி விடுகிறது. அதற்காக உடம்பில் கோடாலித் தைலம் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரை பலருக்கு வேலை செய்கிறது. அது வேலை செய்வதே காரணத்தைச் சொல்லிவிடாது.

சுத்தமாக உடம்பிலிருந்தே வருபவையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைந்தால் ஆள் மனச்சோர்வு வந்தவர் மாதிரியே ஆகிவிடுவார். பி12 குறைவும் அப்படித்தான். ஒரு காலத்தில் மனநோய் விடுதிகளில் நிறையப் பேர் அடைந்து கிடந்த ஒரு வகைப் பித்து, மேகநோய்க் கிருமி மூளைக்குள் போனதால் வந்தது என்று 1913இல் உறுதியானது. 2007இல் கண்டறியப்பட்ட ஒரு மூளை அழற்சியில் உடம்பின் எதிர்ப்புசக்தியே மூளையைத் தாக்குகிறது. இளம்பெண்கள் திடீரென்று பிதற்ற ஆரம்பிப்பார்கள், ஆள் மாறிப்போவார்கள். சாமி வந்திருக்கிறது என்றோ, போமோ என்ற மலாய் மந்திரவாதியிடம் கூட்டிப்போக வேண்டும் என்றோ நினைக்கத் தோன்றும். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். முதல் சந்திப்பில் மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால், ‘மனசு சரியில்லேன்னு வந்தா ரத்தத்தை எடுக்குறாங்களே’ என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பெரியம்மாவின் ஒளிந்த கேள்விக்கு வருவோம். யார் குற்றம்?

இந்தக் கேள்வியை உலகம் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்திருக்கிறது. இரண்டு முறையும் கையைச் சுட்டுக்கொண்டது. ரத்தம்தான் என்று முடிவு கட்டிய நாஜி ஜெர்மனி 1933இல் ஒரு சட்டம் போட்டு, மனச்சிதைவும் இருதுருவ நோயும் உள்ளவர்களுக்கும் இன்னும் பலருக்கும் கட்டாயக் கருத்தடை செய்தது. மொத்தம் ஏறத்தாழ 4 லட்சம் பேர். வளர்ப்புதான் என்று முடிவு கட்டியவர்கள் கத்தியை எடுக்கவில்லை, ஆனால் தாயை எடுத்துக்கொண்டார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதினார். அவர் நோயாளிகளிடம் மிகுந்த கனிவோடு நடந்துகொண்டவர். ஆனாலும் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன அம்மாக்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அந்தக் கருத்துக்கு ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை.

பேரனுக்கு வந்திருப்பது எது என்று மருத்துவர் இன்னும் பெயர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் நல்ல மருத்துவம். ஆனால் ‘போன வருஷம் அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போனா, அதுலேர்ந்துதான்’ என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மனச்சிதைவு மாதிரியான நோய்கள் ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் தலைகாட்டும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி. சிங்கப்பூரில் அந்த வயதில்தான் பெரிய தேர்வு, பலதுறைத் தொழிற்கல்லூரி, தேசிய சேவை, முதல் காதல், முதல் வேலை எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. நோய் எந்த மாதம் வந்தாலும் அதற்கு முந்தைய மாதத்தில் பழி போட ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அழுத்தம் தூண்டியிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைகீழாகவும் நடக்கும். நோய் வெளியே தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆள் மெல்ல ஒதுங்குவான், பேச்சைக் குறைப்பான், சந்தேகப்படுவான். காதலி விட்டுப் போனது நோய்க்குக் காரணமா, நோயின் முதல் அடையாளமா?

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? ஒரு காரியத்தை விரைவாகச் செய்யலாம். காரணம் பிடிபட்ட பிறகுதான் சிகிச்சை என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆய்வில் வந்த இன்னொரு எண் என்னை உலுக்கியது: ஓசிடி வந்தவர்கள் உதவி தேட எடுத்துக்கொண்ட காலத்தின் நடு அளவு 11 ஆண்டுகள். அவ்வளவு காலம் என்ன செய்தார்கள்? ஒரு பகுதி, யாரால் வந்தது என்று யோசித்திருப்பார்கள். பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம், பக்கத்து மருந்தகத்து டாக்டரிடம் தொடங்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய எண் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767. செலவு என்று பார்த்தால், நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தும் பட்டியலில் மனச்சோர்வு, இருதுருவ நோய், மனச்சிதைவு, மனப்பதற்றம் நான்கும் உண்டு. பெரியம்மாவின் இனிப்பு நீரும் அதே பட்டியலில்தான். குடும்பங்கள் இன்னும் செய்யாததை அரசாங்கத் தாள் ஒன்று எப்போதோ செய்துவிட்டது.

பேரனின் அடுத்த சந்திப்புக்கு அவன் அப்பாவான அண்ணனோடு நானும் போகிறேன். என்ன கேட்பார்கள் என்று ஓரளவு தெரியும். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, கஞ்சா மாதிரி ஏதாவது உண்டா, தலையில் அடிபட்டதுண்டா, பிரசவம் சிக்கலாக இருந்ததா, பள்ளியில் எப்படி இருந்தான், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. ரத்தமும் வாழ்க்கையும் ஒரே தாளில் கலந்து வரும். குற்றப்பத்திரிகை எழுதுவதற்காக இல்லை, எந்த மருந்து, எந்தப் பேச்சு, வீட்டில் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பதற்காக.

கடைசிக் கேள்விக்காகப் பெரியம்மாவிடம் கேட்டேன். “உங்க பக்கத்துல யாரும் இல்லன்னு சொன்னீங்களே. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

கோசோங் ஆறிப் போயிருந்தது. கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். “யாரும் இல்லப்பா. எங்க சின்ன மாமா ஒருத்தர் இருந்தாரு. நல்லா படிச்சவரு. இருபத்திரண்டு வயசுல திடீர்னு வேலையை விட்டுட்டாரு. கோயில் மண்டபத்துலயே படுத்துப்பாரு. தனக்குள்ளயே பேசிக்குவாரு, யாரோ பதில் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி. அவரு சாமியாராப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க. அது வேற.”

நான் பேனாவை எடுத்தேன். ஒரு மாமாவை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. அந்த மண்டபத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மருத்துவருக்கு அது வேண்டும். ‘பாட்டியின் தாய்மாமன், 22 வயது’ என்று எழுதினேன்.

பெரியம்மா எட்டிப் பார்த்தார். “எழுதிக்கோ, எழுதிக்கோ. நான் சொன்னேன்னு மட்டும் மருமககிட்ட சொல்லிடாதே.”